வடநெம்மேலியில் கற்ற பாடம்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று, கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினோம். வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டோம்.

மண்ணிலுள்ள தடம் பார்த்தே பாம்பின் வளையை அறிபவர்கள் இருளர். முன்னாளில் தோலுக்காகப் பாம்பு பிடித்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த ஏற்றுமதித் தடையும் அப்பிழைப்பை நிறுத்தின. 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு இச்சங்கம் எழுந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைக் கொல்லாமல் விஷமெடுத்து, உறையவைத்து உலர்த்தித் தூளாக்கி, விஷமுறிவு மருந்து செய்வோருக்கு விற்கின்றனர். பாம்புகளை வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர்.

முன்பொருமுறை ஒரு சிற்றூர்ச் சங்கத்துக்கு நாம் தையல் இயந்திரங்கள் வாங்கிக் கொடுத்தோம். பழுதுபார்க்க ஆளின்றி அவை மூலையில் துருப்பிடித்தன. இங்கோ மக்கள் அறிந்த தொழிலுக்கு ஏற்ற கருவி வந்தது. ஆதலால் அது நிலைத்தது. 2023இல் இருளரான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

உதவி கொண்டு செல்லுமுன், "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டறிவோம்.