வடக்கு நோக்கிய தேசப்படம்

அப்புத்தளையிலிருந்து கிளிநொச்சிக்குச் செல்ல விழைபவன் நேரசூசிக்கு முன்னர் தேசப்படத்தைப் பார்த்தல் வேண்டும் என்பது என் துணிபு. நிலத்தின் அமைப்பை அறியாது போர் நிகழ்ந்த நாட்டினுள் நுழைவோர் வீதியோரத்து நினைவுத்தூண்களைக் கண்டு மீள்வரேயன்றி வேறொன்றும் காணார்.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படத்தாள்களையும் பின்வந்த 1:50,000 தாள்களையும் அருகருகே விரித்து நோக்கினேன். குடாநாட்டைப் பெருநிலப்பரப்போடு பிணைப்பது ஆனையிறவின் ஒடுங்கிய தரை, இருமருங்கும் கடனீரேரி. 1991இலும் 2000இலும் அவ்விடத்தில் அத்துணை உயிர்கள் மாண்டதற்குரிய காரணத்திற் பாதி அத்தாளிலேயே உள்ளது. முள்ளிவாய்க்காலோ நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிடல். 2009 பெப்ரவரியில் அரசு அக்கரையோரத்தைப் பாதுகாப்பு வலயமென அறிவித்தது. வரைபடத்தில் இட்ட எல்லைக்கோடு எந்த எறிகணையையும் தடுக்கவில்லை.

படம் மறைப்பனவும் உள. ஏ-9 வீதி அதிலே இடையறாத ஒரே செங்கோடு. ஆனால், 2002இல் அவ்வீதி திறக்கப்பட்டபோது ஓமந்தைக்கும் முகமாலைக்கும் இடைப்பட்ட பகுதி விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்தது; முகமாலை வழி 2006 ஆகஸ்டில் மீண்டும் அடைபட்டது. எங்கள் மலைப்பக்கத் தாளும் இவ்வாறானதே. சமவுயரக்கோடுகள் நெருங்கிக் கிடக்கின்றன, தேயிலைத் தொழிற்சாலைக்குக் குறியீடு உண்டு, லயங்களுக்குப் பெயரில்லை. தோட்டத்துக்குப் படம் தரும் ஆங்கிலப் பெயரை எங்களவர் எவரும் வழங்குவதுமில்லை!

எனினும், இரு தாள்களையும் ஒப்பிட்டமையாற் கண்ட ஒன்று என்னை நெடுநேரம் நிறுத்தியது. 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின்னர் தோட்டங்களை விட்டு வன்னிக்குச் சென்ற மலையகக் குடும்பங்கள் பல. என் அப்பாயியின் தம்பியும் அவர்களோடு சென்றவர். 2009க்குப் பின்னர் அவரிடமிருந்து செய்தி இல்லை. பழைய தாளில் அவர் குடியேறிய இடம் வெறுங்காடு. புதிய தாளில் அது ஊர். தேயிலை நட்ட கைகள் காடு வெட்டி ஊராக்கிய வரலாறு அவ்விரு தாள்களுக்கும் இடையே எழுதப்படாது கிடக்கின்றது. அவ்வூரவர் போரின் இறுதி மாதங்களில் அந்த மணற்றிடலை நோக்கியே நடந்தனர் என்று அறிகிறேன்.

வரும் விடுமுறையிற் புறப்படுகிறேன். ஊவாவிலிருந்து வடக்கே செல்லும் புகையிரதப் பயணி மேற்கே பொல்காவலை வரை இறங்கி, அங்கே வண்டி மாறவேண்டும். வீட்டிலக்கம் எவரிடமும் இல்லை. அப்பாயிக்கு நினைவில் நிற்பது ஒரு குளத்தின் பெயர் மட்டுமே. அக்குளம் இரு தாள்களிலும் இருக்கிறது.