திருமுல்லைவாயலில் ஒரு கன்னி

மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் ஆவடி வண்டி ஏறி, ஜன்னலோரத்தில் இடமும் கிடைத்துவிட்டதென்றால் அது பூர்வ ஜன்மப் புண்ணியம்தான். பெரம்பூர் பட்டறைகளைத் தாண்டியதும் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வரும் என்று சொன்னேனே தவிர, எந்த ஊர் எங்கே முடிந்து எந்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பதை ஸ்டேஷன் போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் இவற்றுக்கு நடுவே ஏரியும் வயலும் பொட்டலுமாகக் கிடந்தது. 1949-ல் அம்பத்தூருக்குச் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி ஊரின் பெயரை நாடு முழுவதும் பரப்பியது. 1960-களில் அங்கே டாங்கி செய்யும் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. அப்புறம் வந்தவை எல்லாம் வீடுகள், வீடுகள், வீடுகள்!

நான் இறங்கியது திருமுல்லைவாயலில். இங்கே மாசிலாமணீஸ்வரர் கோயில் பிரசித்தம். தொண்டைமான் மன்னனுடைய யானையின் கால்களை முல்லைக் கொடி சுற்றிக்கொள்ள, அவன் வாளால் வெட்டினானாம். வெட்டிய இடத்தில் ரத்தம் பெருக, குனிந்து பார்த்தால் சிவலிங்கம். சந்நிதியில் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் இருக்கின்றன. எருக்கிலே தூணா என்று சந்தேகப்படுகிறவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தரிசனம் முடித்துக்கொண்டு நான் போனது என் பழைய சிநேகிதியின் வீட்டுக்கு. அவள் வீட்டில் ஒரு கன்னி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

அவசரப்படாதீர்கள். அவள் பிள்ளைக்கு ஆனி மாதமே கல்யாணம் ஆகிவிட்டது. நான் சொல்லும் கன்னிக்கு நாலு கால், ஒரு வால்.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் சீமையில் ஓட்டத்துக்கென்றே வளர்ந்து வந்த நாய் ஜாதிகளில் கன்னியும் ஒன்று, சிப்பிப்பாறையும் ஒன்று. இரண்டும் ஒன்றுதான், நிறத்தில்தான் வித்தியாசம் என்று சாதிக்கிறவர்களும் உண்டு. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலும் காலிலும் செம்பழுப்புப் பொட்டுகள் என்றால் கன்னி. பால் நிறமாக இருந்தால் பால்கன்னி. நீண்ட முகம், ஆழமான மார்பு, முதுகோடு ஒட்டிய வயிறு, சாட்டை மாதிரி வால். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுகிற ஜாதி இது. முன்பெல்லாம் முயல் வேட்டைக்குப் போகும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை போயிற்று. கால் மட்டும் அப்படியே இருக்கிறது.

கன்னி என்ற பெயருக்கு அங்கே ஒரு காரணம் சொல்வார்கள். மணப்பெண்ணுக்குச் சீரோடு சீராக இந்த நாயையும் கொடுப்பது வழக்கமாம். என் சிநேகிதியின் மருமகள் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். ஆவணி மாதம் அவள் தகப்பனார் ஒரு கூடையைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். உள்ளே இரண்டு மாதக் குட்டி.

"பாத்திரம் பண்டம் கொடுப்பார்கள், பட்டுப் புடவை கொடுப்பார்கள். நாயைக் கொடுக்கிற சம்பந்தியை நான் இப்போதுதான் பார்க்கிறேன்" என்று என் சிநேகிதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளாம்.

"எங்க ஊர்ல பொண்ணுக்குத் துணைக்கு இதத்தான் குடுப்பாக, அத்தை" என்றாளாம் மருமகள்.

"ஏன், இங்கே நான் துணை இல்லையா?"

இதற்கு அந்தப் பெண் என்ன பதில் சொல்லுவாள்? குட்டிதான் பதில் சொல்லியிருக்கிறது, கூடத்தின் நடுவிலேயே!

ஒரு விஷயத்தில் அந்தத் தகப்பனாரை மெச்ச வேண்டும். எட்டு வாரம் நிறைவதற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவில்லை. 2017-ம் வருஷத்து மத்திய அரசு விதிகளும் எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்கக்கூடாது என்றுதான் சொல்லுகின்றன. உடன்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்ற கணக்கை ஒரு குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்தால் அந்தப் பாடத்தை உங்கள் புடவைத் தலைப்பிலும் குழந்தையின் கையிலும் படிக்கும்.

பிள்ளையும் மருமகளும் காலை எட்டு மணிக்கு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே நாயை யார் வளர்த்தது என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எந்த வீட்டிலும் இதே கதைதானே? ஆசைப்படுகிறவர் ஒருவர், அள்ளிக் கொட்டுகிறவர் ஒருவர்!

அவள் கண்டுபிடித்த முறை எளியது. தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டவுடன், விளையாடி முடித்தவுடன், இந்த மூன்று வேளையும் குட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவது. காரியம் ஆனதும் ஒரு துண்டு தின்பண்டமும் தட்டிக்கொடுத்தலும். அசுத்தம் செய்த இடத்தில் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது ஆகியவற்றால் பயம்தான் வளரும். பத்து நாளில் கூடம் சுத்தமாயிற்று. சாப்பாட்டில் கொஞ்சம் தகராறு. அது சைவ வீடு. மோர்ச் சாதத்திலேயே வளர்த்துவிடலாம் என்று நினைத்தாள். வளருகிற நாய்க்கு அது போதாது, குறைந்தபட்சம் முட்டையாவது வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் ஏற்பாடாயிற்று. வெங்காயமும் திராட்சையும் சாக்லெட்டும் நாய்க்கு விஷம் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

குட்டி வளர்ப்பில் ஒரு சிக்கல் உண்டு. மூன்றரை மாதம் ஆவதற்குள் உலகத்தைப் பார்த்துவிட வேண்டும். ரயில் சத்தம், ஆட்டோ, குடை, மீசைக்காரர், குழந்தைகள், பட்டாசு எல்லாம் பழகாவிட்டால் ஆயுசு முழுவதும் மிரளும். ஆனால் தடுப்பூசிகள் முடிய நாலு மாதம் ஆகும்; அதற்குள் தெருவில் விட்டால் நோய் பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே என் சிநேகிதி கண்ட வழி, காய்கறிக் கூடை. குட்டியைக் கூடையில் வைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம், கடைத்தெரு, கோயில் வாசல் என்று தினம் ஒரு சுற்று. கால் தரையில் படாமல் உலகப் பிரயாணம்! கோயில் வாசலில் பூக்கட்டுகிற அம்மாள்தான் அதற்கு முல்லை என்று பெயர் வைத்தாளாம்.

இத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் புரட்டாசி மழையில் வந்து சேர்ந்தது பார்வோ. முதல் ஊசி ஆகி, இரண்டாவது ஊசிக்கு இரண்டு நாள் இருந்தது. இந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்காக உயிரோடு கிடக்கும். நாய் வெளியே போகவேண்டாம், நம் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும். ராத்திரி வாந்தி, விடியற்காலையில் ரத்தபேதி. வீட்டில் மற்றவர்கள் எழுந்திருப்பதற்குள் அவள் ஆட்டோ வைத்துக்கொண்டு வேப்பேரிக்குப் போய்விட்டாள். 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கேதான். ஐந்து நாள், தினம் குளுகோஸ் ஏற்றி, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோயைக் கொல்ல மருந்து கிடையாது. உடம்பில் நீர் வற்றாமல் காப்பாற்றினால் குட்டி தானே போராடிப் பிழைக்கும். ஆறாம் நாள் முல்லை தலையைத் தூக்கி அவள் கையை நக்கியது.

"அன்னிக்கு ஊர்லேருந்து சம்பந்தி போன் பண்ணினார். 'அம்மா, வேற குட்டி கொண்டாரேன், கவலைப்படாதீக'ன்னார். எனக்கு வந்த கோபம் இருக்கே!" என்று அவள் என்னிடம் சொன்னபோது, நான் ஒன்றும் பேசாமல் காபியைக் குடித்தேன்.

நான் முதலில் பார்த்தபோது முல்லைக்கு நாலு மாதம். விலா எலும்பை எண்ணலாம். அந்த ஜாதிக்கு அதுதான் அழகு. ஆனால் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியுமா? "ஏம்மா, சோறு போடறதில்லையா?" என்று நாளைக்கு நாலு பேர் கேட்கிறார்களாம். முட்டைத் தோலைக் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறது!

சோறு கிடைத்துவிடும், கிடைக்காதது ஓட இடம். வீட்டுக்குப் பின்னால் ஒரு பொட்டல் இருந்தது. காலை ஐந்து மணிக்கு அங்கே நீளக் கயிற்றில் விடுவாள். கயிறு எதற்கென்றால், கண்ணை நம்பும் நாய் பூனையைப் பார்த்துவிட்டால் காது கேட்காது. ஒருநாள் பட்டை கழன்று, சி.டி.எச். ரோடு வரைக்கும் போய்விட்டது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அது நின்றதை நினைத்தால் இன்றும் அவளுக்குக் கை நடுங்குகிறது. அன்றிலிருந்துதான் டப்பா வித்தை தொடங்கியது. எவர்சில்வர் டப்பாவில் நாலு பொரிகடலை போட்டுக் குலுக்குவது. ஓடி வந்தால் முட்டைத் துண்டு. வீட்டுக்குள், கொல்லையில், பொட்டலில் என்று ஒவ்வொரு இடமாக நூறு தடவை. ஐப்பசி முடிவதற்குள் எங்கே இருந்தாலும் டப்பா சத்தத்துக்கு வந்தது. ஆனால் கார்த்திகையில் பொட்டலில் கடைக்கால் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

கண்காட்சி யோசனை மருமகளுடையது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் நாய்களின் பெயர்களைச் சொன்ன பிறகு இவற்றுக்குக் கிராக்கி அதிகம். கிரேஹவுண்டோடு கலந்த குட்டிகளைக் கன்னி என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கண்காட்சிக்குப் போனால் நம் நாய் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்களே என்பது அவள் எண்ணம். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமை அலுவலகமே சென்னையில் இருப்பதால் பதிவுக்கு அலைச்சல் இல்லை. தோலுக்கு அடியில் ஒரு மைக்ரோசிப் போட்டார்கள். அரிசி மணி அளவுதான். 2025-ல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பக்கத்து அம்பத்தூர் சென்னையைச் சேர்ந்தது. திருமுல்லைவாயல் ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்தது. நாய்க்கு எல்லை தெரியாது, சிப் எதற்கும் இருக்கட்டும் என்றாள் என் சிநேகிதி.

ஜனவரியில் நானும் பார்க்கப் போனேன். அடாடா, அந்தச் சிங்காரம்! ஒரு பக்கம் மயிருலர்த்தும் மெஷின், ஒரு பக்கம் பவுடர், சீப்பு, கத்தரிக்கோல். கல்யாண வீட்டில் மணப்பெண் அறை தோற்றது. முல்லைக்கு ஈரத் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

வளையத்துக்குள் நடப்பது இதுதான்: முதலில் எல்லா நாய்களும் ஒன்றாக ஒரு சுற்று. பிறகு ஒவ்வொன்றாக நிற்கவேண்டும், முன்னங்கால் நேராக, பின்னங்கால் சற்றுப் பின்னே தள்ளி. ஜட்ஜ் உதட்டைத் தூக்கிப் பல் வரிசை பார்ப்பார். தோள், மார்பு, முதுகு என்று தடவிப் பார்ப்பார். பின்னர் முக்கோணமாக ஓடிக் காட்ட வேண்டும், குதிக்காமல், இழுக்காமல். அந்நியர் ஒருவர் வாயில் கை வைத்தால் கன்னி ஜாதி லேசில் சும்மா இருக்காது. அதற்காக என் சிநேகிதி மூன்று மாதமாக, பால்காரரிலிருந்து எதிர்வீட்டு மாமா வரை எல்லோரையும் அதன் பல்லைப் பார்க்கச் செய்திருந்தாள். ஜட்ஜ் குனிந்தபோது முல்லை காதைப் பின்னால் மடக்கியது. வளையத்துக்கு வெளியே இருந்த என் சிநேகிதி மூச்சே விடவில்லை. ஆனால் அசையாமல் நின்றது.

குட்டிகள் வகுப்பில் மூன்று கன்னிகள். முல்லைக்கு இரண்டாவது இடம். "முதல் பரிசு வாங்கினதுக்கு வால் கோணல். அந்த ஜட்ஜுக்குக் கண்ணாடி மாத்தணும்" என்பது என் சிநேகிதியின் தீர்ப்பு. எனக்கு வால்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தன. நான் கவனித்தது வேறு. முக்கோணத்தின் மூன்றாவது பக்கத்தில் முல்லை ஒரே ஒரு கணம் நீட்டி அடி வைத்தது. உடனே வளையக் கயிறு குறுக்கே வந்துவிட்டது.

அதைச் சம்பந்தியும் கவனித்திருக்கிறார். கண்காட்சிக்கு வந்திருந்த அவர், "ஒரு நாளு கரிசல்ல விட்டுப் பாக்கணும்மா" என்றார். ரயிலில் நாயைக் கொண்டுபோக வேண்டுமானால் ஏ.ஸி. முதல் வகுப்பில் தனிக் கூப்பே, இல்லாவிட்டால் கார்டு வண்டிக் கூண்டு. கூண்டு என்றதும் என் சிநேகிதி ஒப்பவில்லை. ஆகவே 500 கிலோமீட்டருக்கு மேல் காரில் போனார்கள். நாலு மணிக்கு ஒரு தரம் நிறுத்தித் தண்ணீர் கொடுத்து, தானும் பின் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு.

மறுநாள் அவள் போன் வந்தது. அறுவடையான கம்பங்காட்டில், கண்ணுக்கெட்டிய மட்டும் வேலியில்லாத கறுப்பு மண்ணில், கயிற்றை அவிழ்த்துவிட்டார்களாம்.

"கண்ணைக் கொட்டறதுக்குள்ள புள்ளியாப் போயிட்டாடி. கால் தரையில படவே இல்லை. எனக்கு வயித்தைக் கலக்கிடுத்து. டப்பாவைக் குலுக்கினேன். எங்கேயோ போனவ, வளைஞ்சு திரும்பி, அம்பு மாதிரி வந்து என் கால்ல விழுந்தா!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? சம்பந்தி மெதுவா ஆரம்பிச்சார். 'பட்டணத்துல இதுக்கு ஓட எடமில்லையே. இங்கேயே விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கிடுதோம்'ன்னார்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பொட்டல் போய்விட்டது என்பது அவளுக்கும் தெரியும். நான் தயங்கிக்கொண்டே, "நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"பட்டாபிராம் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானம் இருக்கு. விடியக்காலம் விடறதுக்கு வாட்ச்மேன்கிட்ட ஏற்கெனவே பேசியாச்சு. ஆட்டோக்காரன்கிட்டேயும் பேசியாச்சு. அதையெல்லாம் சொல்லிட்டு, 'ஏன் சம்பந்தி, சீராக் கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறது உங்க ஊர்ல வழக்கமா?'ன்னு கேட்டேன்."