வீணாய்ப் போன வோட்டு

2006-ஆம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலன்று காலை என் வீட்டில் ஒரு சிறு யுத்தம் நடந்தது. அதில் ஜயித்தவன் நான். அந்த ஜயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாய்த்தான் இருக்கிறது.

என் மகளுக்கு அது முதல் வோட்டு. எங்கள் தொகுதியில் ஒரு சின்னக் கட்சியின் சார்பில் நின்ற அபேட்சகர் ஒருவரை அவளுக்குப் பிடித்திருந்தது. "அப்பா, மனிதர் யோக்கியர். கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொல்கிறார். அவருக்குத்தான் போடப் போகிறேன்" என்றாள்.

"யோக்கியர்தான், அம்மா. ஆனால் ஜயிக்க மாட்டாரே! முதல் வோட்டையே வீணாக்குவானேன்? ஜயிக்கக் கூடியவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டில் எது தேவலையோ அதற்குப் போடு" என்றேன்.

என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து, "குழந்தையை அவள் இஷ்டப்படி விடுங்களேன்" என்றாள். நான் விடவில்லை. அரை மணி நேரம் உபதேசம் செய்தேன். பெண் நான் சொன்னபடியே பொத்தானை அமுக்கிவிட்டு வந்தாள். வந்தவள், மை வைத்த விரலைச் சூடு பட்ட விரலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கணக்குப்படி என் உபதேசத்தில் பிசகில்லை. நம்முடைய தேர்தல் முறையில், ஒரு தொகுதியில் மற்றவர்களைவிட ஒரு வோட்டு அதிகம் வாங்கியவர் சட்டசபைக்குப் போகிறார். தோற்றவர்களுக்கு விழுந்த வோட்டெல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான். 1991-இல் தமிழ் நாட்டில் நூற்றுக்குச் சுமார் 22 வோட்டு வாங்கிய தி.மு.க.வுக்கு 234 ஸ்தானங்களில் கிடைத்தவை 2. 1996-இல் நூற்றுக்கு 21-க்கு மேல் வாங்கிய அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 4. இரண்டு கட்சிகளும் முறை வைத்துக்கொண்டு ஒரே கிணற்றில் விழுந்து எழுந்திருப்பதால், நான் பட்சபாதம் பேசுவதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

அந்த 2006-ஆம் வருஷத்திலேயே ஒரு வேடிக்கை நடந்தது. புதிதாய்ப் பிறந்த தே.மு.தி.க. யாருடனும் சேராமல் போட்டியிட்டு, நூற்றுக்கு 8 வோட்டுக்குமேல் வாங்கியது. கிடைத்த ஸ்தானம் ஒன்றே ஒன்று; அதுவும் அதன் தலைவருக்கு. 2011-இல் அதே கட்சி கூட்டணியில் சேர்ந்து நின்றது. இப்போது வாங்கிய வோட்டு நூற்றுக்கு 8-க்கும் சற்றுக் குறைவு. கிடைத்த ஸ்தானங்களோ 29! மாநிலமெங்கும் சிதறிக் கிடந்த வோட்டு, சில தொகுதிகளில் மட்டும் கூட்டாளியின் வோட்டுடன் சேர்ந்து குவிந்ததுதான் ரகசியம். இதைப் பார்த்த பிறகு எந்தக் கட்சித் தலைவர்தான் தனியாக நிற்கத் துணிவார்? தேர்தலுக்குப் பல மாதங்களுக்கு முன்பே தொகுதிப் பங்கீடு என்று மூடிய கதவுக்குப் பின்னால் சீர்வரிசை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். எத்தனை தொகுதி, எந்தெந்தத் தொகுதி, செலவு யாருடையது என்பதெல்லாம் முடிந்து தாலியும் கட்டியான பிறகு நாம் போகிறோம், அட்சதை போடுவதற்கு.

என் மகள் கல்யாணமாகி நியூஜிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த நாட்டில், நிரந்தரமாய்த் தங்க அனுமதி பெற்று ஒரு வருஷம் வாழ்ந்தவர்களுக்கு, பிரஜையாகாவிட்டாலும் வோட்டு உண்டு. அதுவும் ஒன்றல்ல, இரண்டு! ஒன்று தொகுதி அபேட்சகருக்கு, மற்றொன்று கட்சிக்கு. பார்லிமெண்டில் ஒரு கட்சிக்கு மொத்தம் எத்தனை ஸ்தானம் என்பதை இந்த இரண்டாவது வோட்டுத்தான் நிர்ணயிக்கிறது. தொகுதிகளில் ஜயித்தது போதாதென்றால், பாக்கியைக் கட்சியின் ஜாபிதாவிலிருந்து நிரப்புகிறார்கள்.

அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப்போல், பிரிட்டிஷார் கொடுத்த முறையைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள்தான். 1978-இலும் 1981-இலும் தேசம் முழுவதிலும் அதிக வோட்டு வாங்கியது தொழிற் கட்சி. அதிக ஸ்தானம் பெற்று ஆண்டது நேஷனல் கட்சி. 1981-இல் நூற்றுக்கு 20-க்கு மேல் வோட்டு வாங்கிய சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சிக்கு 92 ஸ்தானங்களில் இரண்டுதான் கிடைத்தன. ஐந்து பேரில் ஒருவருடைய குரல் அப்படியே காற்றோடு போயிற்று. மனஸ்தாபம் வளர்ந்து, 1993-இல் ஜனங்களையே கேட்டு முறையை மாற்றினார்கள். புது முறையில் முதல் தேர்தல் 1996-இல் நடந்தது. பார்லிமெண்டின் முகமே மாறிவிட்டது. 1993-இல் 99 அங்கத்தினரில் பெண்கள் 21 பேர்; 1996-இல் 120 பேரில் 35. ஒரு தொகுதிக்கு ஓர் ஆணை நிறுத்தினால் யாரும் கவனிப்பதில்லை. ஜாபிதா முழுவதையும் ஆண்களாலேயே நிரப்பி ஊரார் முன் நீட்டுவதற்குக் கட்சிகளுக்கே கூச்சமாயிருக்கும் அல்லவா?

ஆனால் அங்கேயும் கல்யாணப் பேச்சு இல்லாமற் போகவில்லை. 1996-இல் எந்தக் கட்சிக்கும் மெஜாரிட்டி இல்லை. 17 ஸ்தானங்களை வைத்திருந்த நியூஜிலாந்து பர்ஸ்ட் கட்சி, பெரிய கட்சிகள் இரண்டுடனும் மாறி மாறிப் பேசியது. யார் ஆளப் போகிறார்கள் என்று தெரியாமல் தேசம் சுமார் எட்டு வாரம் காத்திருந்தது. இங்கே தாலி கட்டிய பிறகு அட்சதை. அங்கே அட்சதை போட்ட பிறகு பெண் பார்த்தல்! அதன் பிறகு 2023 வரையில் நடந்த ஒன்பது தேர்தல்களில் ஒரு கட்சிக்கே தனி மெஜாரிட்டி கிடைத்தது 2020-இல் மட்டுந்தான்.

2023-இல் அங்கே தேர்தல் முடிந்த மறு வாரம் மகள் டெலிபோனில் கூப்பிட்டாள்.

"அப்பா, இந்தத் தடவை ஒரு சின்னக் கட்சிக்குப் போட்டேன்."

"பேஷ்! அங்கேதான் வோட்டு வீணாகாதே!" என்றேன்.

"வீணாகிவிட்டதே!" என்று சிரித்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பூட்டு விஷயம் தெரிந்தது. நூற்றுக்கு 5 வோட்டாவது வாங்க வேண்டும், அல்லது ஒரு தொகுதியிலாவது ஜயிக்க வேண்டும். இரண்டும் இல்லாத கட்சிக்கு ஸ்தானம் கிடையாது. 2008-இல் நூற்றுக்கு 4-க்கு மேல் வாங்கிய நியூஜிலாந்து பர்ஸ்டுக்கு ஒரு ஸ்தானமும் இல்லை. நாலுக்கும் குறைவாய் வாங்கிய ஆக்ட் என்ற கட்சி, ஒரே ஒரு தொகுதியில் ஜயித்த புண்ணியத்தினால் 5 ஸ்தானம் பெற்றது. உதிரிக் கட்சிகள் பெருகாதிருக்க வைத்த பூட்டு இது. இந்த நியாயம் எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஐந்து பேரில் ஒருவரை வாயடைப்பதற்கும் இருபது பேரில் ஒருவரை வாயடைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

"வருத்தமாயில்லையா, அம்மா?" என்று கேட்டேன்.

"என்ன வருத்தம்? இந்தத் தடவை என் வோட்டு நான் நினைத்த இடத்தில் அல்லவா செத்தது!" என்றாள். சற்று நேரம் பொறுத்து, "தொகுதி வோட்டை மட்டும் உங்கள் உபதேசப்படி, இருக்கிற இரண்டில் தேவலையானவருக்குப் போட்டேன்" என்றாள்.

பதினேழு வருஷமாக அவள் அதை மறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வருஷம் ஏப்ரலில் நம் ஊரில் பார்லிமெண்டுத் தேர்தல் வந்தது. அடுத்த வீட்டுப் பையனுக்கு முதல் வோட்டு. காலையில் வந்து, "தாத்தா, எனக்குப் பிடித்தவர் ஜயிக்க மாட்டார் என்கிறார்கள். அவருக்குப் போட்டால் வீண்தானே?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறந்தேன். என் மனைவி அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள்.

"வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு வா, தம்பி" என்றேன்.