தொட முடியாத பொன்

அமெரிக்காவில், டல்லாஸில் வாழும் என் கல்லூரித் தோழர், ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் தங்கம் வாங்கினால் அதை எப்படி வைத்திருப்பது நல்லது என்று கேட்டார். தமிழ் வாத்தியாரிடம் கேட்கும் கேள்விதானா இது!

ஐ.ஆர்.ஏ. எனப்படும் அக்கணக்கின் விதிகளைப் படித்துப் பார்த்தேன். தங்கக் கட்டி 99.5 விழுக்காடு தூய்மை கொண்டிருக்க வேண்டும். அந்நாட்டு அரசு வெளியிடும் 22 காரட் ‘ஈகிள்’ நாணயத்துக்கு விலக்கு உண்டு. நகைக்கு இடமே இல்லை. வாங்கிய பொன்னை வீட்டுக்குக் கொண்டுவரவும் கூடாது. கணக்கைப் பேணும் நிறுவனத்தின் பொறுப்பில், பெட்டகத்தில் இருக்க வேண்டும். ஈகிள் நாணயங்களை வீட்டிலேயே வைத்திருந்த ஒரு பெண்மணியின் வழக்கில், அது கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டதற்குச் சமம், வரி கட்டுக என்று 2021இல் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எஞ்சுவது ஒரு தேர்வு: தன் நாணயங்களைத் தனியே வைப்பதா, பிறர் பொன்னோடு சேர்த்து வைப்பதா? தனியே வைக்கப் பெரும்பாலும் கட்டணம் கூடுதல். சேர்த்து வைத்தால் திரும்பக் கிடைப்பது அதே வகை, அதே எடை. அதே நாணயம் அன்று. மதிப்பில் வேறுபாடில்லை என்பதால் சேர்த்தே வைக்கச் சொன்னேன்.

அவர் மனைவி இசையவில்லை. அடகு மீட்ட சங்கிலியை விளக்கருகே பிடித்து, கொக்கியின் நெளிவைக் கண்ட பிறகே கழுத்தில் போட்டுக்கொண்ட தாயின் மகள் அவர். தனியாகவே வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு எவ்வளவு கூடுதல் என்று நான் கேட்கவில்லை.