நியாயாசனத்தை விட்டு இறங்கிய பின்



இந்த வாரத் தியானத்துக்கு ஒரு சட்டப் பிரிவை எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றால் உங்களில் சிலர் புன்னகைக்கக்கூடும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில அரசுச் சட்டத் தொகுப்பில் 411ஆம் அதிகாரத்தின் 201ஆம் பிரிவு அது. பதவியிலிருக்கும் நீதிபதிகளும் ஓய்வுபெற்ற நீதிபதிகளும் கைத்துப்பாக்கி ஏந்திச் செல்வதற்கான உரிமம் பெறும் வழியை அது வகுத்துக் கூறுகிறது. வேதபாட வேளை முடிந்தபின் சபையார் ஒருவர் கேட்ட கேள்வியே என்னை இதை வாசிக்க வைத்தது. “ஐயா, ஆயுள் முழுவதும் நியாயம் தீர்த்தவர் முதிர்வயதில் துப்பாக்கியோடு நடமாடினால், அது அவிசுவாசம் அல்லவா?” என்றார் அவர்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ஓய்வுபெற்ற நீதிபதி என்பதாலேயே உரிமம் கையில் வந்துவிடுவதில்லை. அவர் பெருங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவராக இருக்கக்கூடாது. கடந்த ஐந்து ஆண்டுகளில் குறிப்பிட்ட சிறுகுற்றங்களுக்கும் தண்டனை பெற்றிருக்கலாகாது. போதைக்கு அடிமையானவராகவோ மனநிலை பிறழ்ந்தவராகவோ இருக்கலாகாது. துப்பாக்கியைக் கையாளும் தேர்ச்சிக்கும் சான்று தர வேண்டும். பிறருடைய பதிவேடுகளைப் பல்லாண்டுகள் புரட்டிப் பார்த்தவர், தம்முடைய பதிவேட்டை மற்றொருவர் புரட்டும்படி ஒப்புக்கொடுக்கிறார். அதில் ஒரு தாழ்மை இருக்கிறது என்றே எனக்குத் தோன்றிற்று. 2021 செப்டம்பர் முதல் அந்த மாநிலத்தில், சட்டத்தால் தடைசெய்யப்படாத, 21 வயது நிறைந்த எவரும் உரிமமின்றியே கைத்துப்பாக்கி ஏந்தலாம் என்றாகிவிட்டதால், இந்தத் தனி ஏற்பாட்டின் எடை சற்றுக் குறைந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

ஓய்வுபெற்ற காவல் அதிகாரிகள் நாடெங்கும் துப்பாக்கி ஏந்திச் செல்ல 2004ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. நீதிபதிகள் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவேதான் மாநிலங்கள் இதைத் தனித்தனியே யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஏன் யோசிக்க வேண்டும்? விஸ்கான்சின் மாநிலத்தின் நியூ லிஸ்பன் என்னும் சிற்றூரில் ஜான் ரோமர் என்ற நீதிபதி வாழ்ந்தார். 2017இல் ஓய்வுபெற்றார். 2022 ஜூன் 3 அன்று, தமது சொந்த வீட்டிலேயே, நாற்காலியில் கட்டப்பட்ட நிலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 68. கொன்றவன், 2005இல் அவரிடம் ஆறாண்டு சிறைத்தண்டனை பெற்றவன். தீர்ப்பு வாசிக்கப்பட்டுப் பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன. நீதிபதி ஓய்வுபெற்றார், கசப்பு ஓய்வுபெறவில்லை. பதவிக்காலத்தில் நீதிமன்ற வாசலில் காவலர் நிற்கிறார். வீட்டு வாசலுக்கு அவர் வருவதில்லை.

இனி, துப்பாக்கி இருந்தால் தீங்கு நேராது என்று யாரும் எண்ண வேண்டாம். டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் 2015 நவம்பரில் நீதிபதி ஜூலி கோக்குரெக் தம் வீட்டு வாசலில், காரில் அமர்ந்திருக்கும்போதே சுடப்பட்டார். பிழைத்தெழுந்து, அடுத்த ஆண்டே மீண்டும் ஆசனத்தில் அமர்ந்தார். நியூ ஜெர்சியில் 2020 ஜூலை 19 அன்று நீதிபதி எஸ்தர் சாலஸின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பொட்டலம் கொண்டுவந்தவனைப் போல் வேடமிட்டு நின்றவன், முன்பு அவரது நீதிமன்றத்தில் வாதாடிய ஒரு வழக்கறிஞன். கதவண்டை சென்றவர் அவருடைய ஒரே மகன் டேனியல், இருபது வயது இளைஞர். அவர் மாண்டுபோனார், தகப்பனார் படுகாயமடைந்தார். கதவைத் திறக்கிற பிள்ளையின் மார்புக்கு முன்னால் அலமாரியிலிருக்கும் துப்பாக்கி எப்படிக் கேடயமாகும்? அந்தத் தாய் கேட்டது வேறு: எங்கள் வீட்டு முகவரியை மறையுங்கள் என்றார். அவ்வாண்டு நவம்பரில் நியூ ஜெர்சியில் மகனுடைய பெயராலேயே சட்டம் உண்டாயிற்று. ஓய்வுபெற்ற நீதிபதிகளும் அதன் நிழலில் வருகிறார்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசும் மத்திய நீதிபதிகளுக்காக அவர் பெயரில் ஒரு சட்டம் செய்தது. என் எளிய கணிப்பில், உரிமச் சட்டத்தைவிட இந்த முகவரிச் சட்டமே மிகுதியான உயிர்களைக் காக்கும்.

ஆனால் சகோதரர் கேட்டது பலனைப் பற்றியல்ல, விசுவாசத்தைப் பற்றி. எருசலேமுக்குப் புறப்பட்ட எஸ்றா, ராஜாவிடம் போர்ச்சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு, உபவாசித்துப் புறப்பட்டான். அதே பாதையில் பின்னர் வந்த நெகேமியா, ராஜா அனுப்பிய படைத்தலைவரோடும் குதிரைவீரரோடும் வந்தான். வேதம் இருவரையும் கடிந்துகொள்ளவில்லை.

எனினும் என் மனம் சாமுவேலிடமே மீண்டும் மீண்டும் போகிறது. சவுலை ராஜாவாக்கியபின், நரைத்த தலையோடு ஜனங்கள் முன் நின்று, நான் எவனுடைய எருதை எடுத்துக்கொண்டேன், எவனிடம் பரிதானம் வாங்கினேன் என்று வெளியரங்கமாய்க் கணக்குக் கேட்ட நியாயாதிபதி அவன். (உயிரோடிருந்த நாளெல்லாம் நியாயம் விசாரித்தான் என்று வேதம் சொல்வதால், அவனை முழுவதும் ஓய்வுபெற்றவன் என்று சொல்லவும் கூடாது.) ஒருவரும் அவன்மேல் குற்றம் சொல்லவில்லை. அத்தனை சுத்தமான கரங்கள்! அப்படிப்பட்டவனைத் தாவீதை அபிஷேகம்பண்ணப் போ என்று கர்த்தர் அனுப்பியபோது, சவுல் கேள்விப்பட்டால் என்னைக் கொன்றுபோடுவானே என்றான். சுத்த மனச்சாட்சி பயத்தை அகற்றிவிடும் என்று நாம் பிரசங்கிப்பது எளிது. சாமுவேல் பயந்தான்.

கர்த்தர் அதற்காக அவனைக் கண்டிக்கவில்லை என்பதை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். போகாதிருக்க விடுமுறையும் தரவில்லை. ஒரு கிடாரியைக் கொண்டுபோ, பலியிட வந்தேன் என்று சொல் என்றார். பயந்த மனிதன் பத்திரமாய்ப் போய்ச் சேருவதற்கு ஒரு வழி அது. இன்று முதிர்ந்த நீதிபதி ஒருவர் மனைவியோடு கடைத்தெருவுக்குப் போகுமுன் இடுப்பில் ஆயுதத்தைச் செருகிக்கொள்கிறார் என்றால், அது கிடாரிக்குச் சமம் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். கிடாரி ஒருவரையும் கொல்லாது. ஆனால் அவரை அவிசுவாசி என்று சொல்லவும் என் நாவு எழும்பவில்லை. இதையே அந்தச் சகோதரரிடம் சொன்னேன். “அப்படியானால் நீங்கள் ஆதரிக்கிறீர்களா?” என்றார். “அந்த வீட்டின் கதவு தட்டப்படும் சத்தத்தை நான் கேட்டதில்லையே” என்றேன்.

சாமுவேல் கிடாரியோடு பெத்லெகேமுக்குப் போனான். அவனைக் கண்டதும் அவ்வூர் மூப்பர்கள் தத்தளித்து, சமாதானமாய்த்தான் வருகிறீரோ என்று கேட்டார்கள். கொல்லப்படுவோமோ என்று பயந்து வந்தவனைப் பார்த்து, ஊரே பயந்து நின்றது.