கொல்லையில் பிடித்த மேகம்

ஜன்ம நட்சத்திரம் எது என்று கேட்டால், நடுத்தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லிவிடுவோம். அது வானத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் ஜோசியர் வீட்டுத் திசையைக் காட்டுவோம். என்னுடையது மிருகசீரிஷம். நாற்பது வருஷத்துக்குமேல் கோயில் அர்ச்சனையில் மட்டுமே அதனோடு பழகி வந்த எனக்கு, அதை ஆகாயத்தில் காட்டித் தந்தவர் அடுத்த வீட்டுக்காரர். வங்கியில் வேலை. தாம்பரத்தை அடுத்த எங்கள் பேட்டையில் அவரைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. நல்லவர் என்பது ஒன்று; ராத்திரி தூங்காதவர் என்பது மற்றொன்று.

மேல்நாட்டார் ஓரியன் என்று அழைக்கும் வேட்டைக்காரனின் தோளில் சிவந்து நிற்பது திருவாதிரை. அவன் தலை இருக்கவேண்டிய இடத்தில் மூன்று சிறு நட்சத்திரங்கள் கூடி நிற்கின்றன. அதுதான் மிருகசீரிஷம்.

"அதைச் சுற்றிப் பெரிய மேகம் ஒன்று இருக்கிறது, ஸார்" என்றார் நண்பர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இருக்கிறது."

இந்த மாதிரிப் பேச்சை நான் மடங்களில்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் இவர் புகைப்படம் எடுத்தே காட்டுகிறேன் என்றார். எந்த மடாதிபதியும் அந்த அளவுக்குப் போனதில்லை.

விஷயம் இதுதான். அந்த மூன்றில் பிரகாசமானது, நம் சூரியனைவிடப் பல மடங்கு சூடான நட்சத்திரம். சுற்றியுள்ள ஹைட்ரஜன் வாயுவை அது ஒளிரச் செய்கிறது. அந்த ஒளி ஆழ்ந்த சிவப்பு. இருட்டில் நம் கண் அந்தச் சிவப்புக்கு ஏறக்குறையக் குருடு. 1959-ல் ஸ்டூவர்ட் ஷார்ப்லெஸ் என்ற வானியலார் இத்தகைய மேகங்கள் 313-ஐத் தொகுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 264-ஆம் எண் என் நட்சத்திரத்து மேகம். பத்துப் பௌர்ணமி நிலவுகளை வரிசையாக அடுக்கினாலும் அதன் அகலத்துக்குப் போதாது. அதன் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது தஞ்சைப் பெரிய கோயில் எழும்பியிருக்கவில்லை.

அவ்வளவு பெரியதைப் பிடிக்க அவரிடம் இருப்பது உழக்கைவிடச் சற்றுப் பெரிய லென்ஸ் ஒன்று. துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே முக்காலியை நிறுத்துவார். பூமி சுழல்வதற்கு ஈடுகொடுத்து, காமிராவை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும் யந்திரம் ஒன்று. அந்தச் சிவப்பை மட்டும் உள்ளே விட்டு மற்ற வெளிச்சத்தையெல்லாம் தடுக்கும் கண்ணாடி ஒன்று. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் சாம்பலைத் தூவினாற்போல் இருக்கும். சந்தைக் கூச்சலில் ஆளுக்கொன்று கத்துகிறார்கள். ஒருவன் மட்டும் ஒரே சொல்லை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். போதிய நேரம் நின்று கேட்டால் அந்தச் சொல் காதில் விழுந்துவிடும். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பதும் அதுதான். ஆனால் கணக்கு ஈவிரக்கமற்றது. தெளிவு இரண்டு மடங்காக வேண்டுமானால் நேரம் நான்கு மடங்காக வேண்டும். மார்கழியிலும் தையிலுமாக, மேகமில்லாத இரவுகளைப் பொறுக்கி எடுத்து, பத்தொன்பது மணி நேரம் சேர்த்தார். பனி படியாமலிருக்க லென்ஸைச் சுற்றி வெந்நீர் ஒத்தடம்போல ஒரு சூட்டுப் பட்டை!

இது ஏதோ புதுப் பைத்தியம் என்று எண்ணிவிடக் கூடாது. ஓரியனின் பெரிய நெபுலாவை முதன்முதலில் படமெடுத்தவர் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர், 1880-ல். மூன்று வருஷம் கழித்து, லண்டன் புறநகரான ஈலிங்கில், தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடியை நிறுத்தி அதே மேகத்தைப் படமெடுத்தார் ஆண்ட்ரூ காமன். தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் அந்தப் படத்தில் விழுந்திருந்தன. தொழிலில் அவர் சுகாதாரப் பொறியாளர். பகலில் சாக்கடை, இரவில் ஆகாயம். எனக்கு மிகவும் பிடித்த மனிதர்.

"அதெல்லாம் சரி, மலைகளின்மேல் ராட்சசக் கருவிகள் இருக்கிற காலத்தில் கொல்லைக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். ஜே மக்நீல் கதையைச் சொன்னார். 2004 ஜனவரியில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், தம் வீட்டுக் கொல்லையிலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கியால் ஓரியனின் ஒரு பகுதியைப் படமெடுத்தார் அவர். பழைய வானப் படங்களில் இல்லாத சிறு மேகம் ஒன்று அதில் இருந்தது. புதிதாய்ப் பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரம் ஒன்று திடீரென்று பிரகாசித்து, அருகிலிருந்த தூசியை விளக்கேற்றிக் காட்டியிருந்தது. பெரிய கருவிகளெல்லாம் பிறகுதான் அந்தப் பக்கம் திரும்பின. அந்த மேகம் பிறகு மங்கியது, மீண்டும் தெரிந்தது, 2018-ல் மறுபடி மங்கிவிட்டது.

"எனக்கு அப்படியெல்லாம் வாய்க்காது, ஸார்" என்று தாமே சொல்லிவிட்டார்.

பின் ஏன் இங்கே கிடந்து அவதிப்பட வேண்டும்? ஜவ்வாது மலைப் பக்கம் போனால் நல்ல இருட்டு. காவலூரில் வானாய்வுக்கூடமே இருக்கிறது. இதைக் கேட்டதும் அவர் பதில் சொல்லாமல் கொல்லைக் கதவைப் பார்த்தார். அது எப்போதும் ஒருக்களித்தே இருக்கும். உள்ளே எண்பத்திரண்டு வயதுத் தாயார். இரவில் மூன்று முறையாவது கூப்பிடுவார். கூப்பிட்ட குரலுக்கு ஆள் வேண்டும். காமிராவுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருபது தப்படி. அந்த இருபது தப்படிக்குள்தான் அவருடைய பிரபஞ்சம் முழுவதும் அடங்கியிருந்தது.

சென்ற வருஷம் எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான் ஒருவன். விளக்கு வேண்டுமென்று மனு எழுதினார்கள். முதல் கையெழுத்துக்காரர்களில் நண்பரும் ஒருவர். ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: விளக்கின்மேல் மூடி போட்டால் வெளிச்சம் முழுவதும் தெருவில் விழும் என்று. விளக்கு வந்தது, மூடி வரவில்லை. வெள்ளை வெளிச்சம் அவர் முருங்கையின் ஒவ்வோர் இலையையும் எண்ணிக் காட்டுகிறது. பழைய ஜமக்காளம் ஒன்றைக் கொடியில் கட்டி மறைத்துக்கொண்டுதான் என் மேகத்தை முடித்தார்.

படம் கைக்கு வந்தது. கறுப்பில் மங்கிய சிவப்பு வளையம். நடுவே என் நட்சத்திரம். "யாருடைய எக்ஸ்ரே?" என்றாள் என் மனைவி. நண்பரின் தாயார் பூதக் கண்ணாடி வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"இதற்கா இத்தனை பனியில் நின்றாய்? போகட்டும், என் கேட்டைக்கு என்ன இருக்கிறது?"

கேட்டைக்கு மஞ்சள் மேகம் இருக்கிறது. சித்திரையில் இரவு பத்து மணிக்குமேல் கிழக்கே ஏறி வரும். ஆனால் அது வாயு தானே ஒளிரும் மேகமல்ல. தூசியில் பட்டுத் திரும்பும் நட்சத்திர வெளிச்சம். எல்லா நிறமும் கலந்தது. சிவப்புக் கண்ணாடி அதற்குப் பயன்படாது, ஜமக்காளமும் போதாது.

மூடி கேட்டு நண்பர் எழுதிய மூன்றாவது மனு இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. தமிழைக் கொஞ்சம் திருத்தித் தரும்படி கேட்டிருக்கிறார், சித்திரைக்கு முன்.