வளைந்த மூன்று ஊசிகள்



இரண்டு வாரமாக என் பதிவைக் காணோமே, உடம்பு சரியில்லையா என்று சிலர் போன் போட்டுக் கேட்டீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டருக்குத்தான் சரியில்லை. அதைக் கெடுத்தவனும் நானே. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். வாத்தியார் புத்தி, இரண்டு வரியில் முடிக்க வராது.

வீட்டுக்கு வந்தவர்கள் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். 2012-ல் ஜி.பி.எஃப்.பில் முன்பணம் எடுத்து வாங்கியது. பென்டியம் ஜி620 ப்ராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். உங்களில் பல பேருடைய யூனிட் டெஸ்ட் கேள்வித்தாள் அதில்தான் பிறந்தது. (திட்டாதீர்கள்.)

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பாபநாசத்திலும் மணிமுத்தாறிலும் திறந்துவிட்ட தண்ணீர், ஊருக்குள் பெய்த தண்ணீர், எல்லாம் சேர்ந்து தாமிரபரணி கரை தெரியாமல் போனாள். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். நான் முதலில் தூக்கியது இந்தப் பெட்டியைத்தான். "ஃப்ரிட்ஜை விட்டுட்டு அந்த டப்பாவைத் தூக்கிட்டு ஓடுதீங்களே" என்று வீட்டம்மா சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது. யூபிஎஸ் கீழேயே கிடந்து முங்கிப் போனது. மாடியில் குடியிருக்கிற குடும்பம் மூன்று நாள் எங்களை வைத்துச் சோறு போட்டது. அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவர்கள் வீட்டிலும் அரிசி கொஞ்சம்தான் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வீட்டுப் பெண் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பாடத்தில் பைத்தான் இருக்கிறது. பள்ளி லேபில் கிடைக்கிற நேரம் போதாது என்று சாயங்காலம் என் பெட்டியில் வந்து பழகுவாள். அது ஆன் ஆகவே நான்கு நிமிஷம். பாட வீடியோவை ஒரு பக்கம் ஓடவிட்டு மறுபக்கம் புரோகிராம் அடித்தால் இரண்டும் நின்றுவிடும். ஒரு நாள் சொன்னாள்: "பரவாயில்ல தாத்தா, நான் நோட்டுல எழுதிப் பாத்துக்கிடுதேன்."

நோட்டில் எழுதிப் பார்க்கிற புரோகிராமை எது ஓட்டிக் காட்டும்? அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பெங்களூரில் இருக்கிற மகன், "அதைத் தூக்கிப் போடுங்கப்பா, புது லேப்டாப் அனுப்புறேன். விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு" என்றான். அவனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது. வேண்டாம் என்றேன். என் பென்ஷனில் ஒதுக்க முடிந்தது 3,500 ரூபாய்.

என்னைப் போலப் பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இனிமேல் சொல்வது உபயோகப்படலாம். ப்ராசசரை மாற்றுவது என்றால் கடையில் இருக்கிற எதையும் வாங்கி மாட்டிவிட முடியாது. போர்டில் இருக்கிற சாக்கெட் எதுவோ அந்த ஜாதி ப்ராசசர்தான் உட்காரும். என்னுடையது எச்61 போர்டு, சாக்கெட் 1155. இதில் இன்டெலின் இரண்டாம் தலைமுறையும் மூன்றாம் தலைமுறையும் உட்காரும். ஜி620-க்கு இரண்டே கோர். ஐ5-3470-க்கு நான்கு கோர், வேகமும் கூடுதல். ஆனால் வெப்பக் கணக்கு 65 வாட்டிலிருந்து 77 வாட்தான். 32 நானோமீட்டரிலிருந்து 22-க்கு டிரான்சிஸ்டரைச் சுருக்கியதன் பலன் அது. அதனால் பழைய ஃபேனே போதும். புதிதாக இதெல்லாம் இப்போது கிடையாது, பழசுதான். தம்பி மகன் சென்னை ரிச்சி தெருவில் 1,300 ரூபாய்க்கு வாங்கி அனுப்பினான்.

யூடியூபில் நான்கு வீடியோ பார்த்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தேன். முப்பது வருஷம் பிசிக்ஸ் லேபில் நின்றவனுக்கு இது என்ன பெரிய காரியம் என்று நினைப்பு. பழசைக் கழற்றிப் புதுசை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது. திரை இருட்டு.

காரணம் பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் தலைமுறை வருவதற்கு முன் தயாரான எச்61 போர்டுக்கு அதை யாரென்றே தெரியாது. பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட்டுத்தான் புதுசை மாட்ட வேண்டும். போர்டு கம்பெனியின் இணையதளத்தில், எந்த ப்ராசசருக்கு எந்த பயாஸ் வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. கேள்வித்தாளை முழுக்கப் படித்துவிட்டு எழுதுங்கள் என்று உங்களுக்குச் சொன்னவன் நான்!

பதற்றத்தில் அதைத் திரும்ப எடுக்கும்போது விரலிலிருந்து வழுக்கி, ஒரு மூலை சாக்கெட்டின் மேல் விழுந்தது. இந்த வகையில் ஊசிகள் ப்ராசசரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. 1155 ஊசிகள், தலைமுடி கனம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மூன்று ஊசி பக்கத்து ஊசிமேல் சாய்ந்து கிடக்கிறது.

ஒரு கடையில் காட்டினேன். போர்டு போயிற்று, வேறு பெட்டி வாங்குங்கள் என்றார்கள். மறுநாள் பாளையங்கோட்டையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துச் சந்தில் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை. போர்டை நீட்டினேன். அவன் போர்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"சார், நீங்களா? உக்காருங்க சார்."

1996-97 பிளஸ் டூ. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அந்த செட்டில் படித்தவர்களுக்குச் சம்பவத்தைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். தெரிந்தாலும் கீழே எழுதாதீர்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லேபில் கால்வனோமீட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவன். நான் அவனை வெளியே நிறுத்தினேன். ஒரு நாளோடு விடவில்லை. அந்த வருஷம் முழுக்க எந்தக் கருவியையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் மீட்டர் பிரிட்ஜ் செய்யும்போது அவன் பக்கத்தில் நின்று ரீடிங் எழுதுவான். செய்முறைத் தேர்வில் சர்க்யூட் கனெக்‌ஷன் கொடுக்கத் தெரியாமல் திணறினான். 50-க்கு எவ்வளவு வாங்கினான் என்பது எனக்கு நினைவிருக்கிறது. இங்கே எழுத மனசில்லை.

அவன் ஒரு மெக்கானிக்கல் பென்சிலை எடுத்து உள்ளே இருந்த லெட்டை வெளியே தள்ளினான். காலியான அந்த நுனி ஊசியின் மேல் குழாய் மாதிரி உட்காரும். அதை வைத்து ஒவ்வொரு ஊசியையும் மெதுவாக நிமிர்த்தினான். இழுத்தால் ஒடிந்துவிடும், பக்கத்து ஊசி எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறதோ அதே கோணம் வர வேண்டும் என்றான். இருபது நிமிஷம் ஆயிற்று. நான் பேசவே இல்லை.

பிறகு ஜி620-ஐயே மாட்டி, பென் டிரைவில் பயாஸைப் புதுப்பித்தான். பாதியில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். அவன் கடையில் இன்வெர்ட்டர் இருந்தது. முங்கிப் போன என் யூபிஎஸ்ஸை நினைத்துக்கொண்டேன்.

"எது மெதுவா இருக்குன்னு முதல்ல பாத்தீங்களா சார்?" என்றான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினான். பெட்டி ஆன் ஆகும்போது டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, ப்ராசசர் சும்மா இருக்கிறது. வீடியோவை ஓடவிட்டால்தான் இரண்டு கோரும் முட்டி நிற்கின்றன. "நீங்க மாத்துனது தப்பில்ல. ஆனா முதல்ல எஸ்எஸ்டி போட்டிருக்கணும். அது இல்லாம ஐ7 போட்டாலும் நாலு நிமிஷம் நாலு நிமிஷம்தான்." சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனம் என்று பார்க்காமல் வேறு கண்ணியை மாற்றியிருக்கிறேன்.

240 ஜிபி எஸ்எஸ்டி 1,650 ரூபாய். எச்61-ல் சாட்டா பழைய 3 கிகாபிட் வேகம்தான் என்றாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. ஹீட் சிங்க்கில் இத்தனை வருஷத்துத் தூசி. அதை ஊதித் துடைத்து, ஒரு மிளகு அளவு தெர்மல் பேஸ்ட் வைத்தான். இரண்டு உலோகப் பரப்புக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் காற்று நிற்கும், காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, அதை விரட்டத்தான் பேஸ்ட் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். "தெரியும் சார்" என்று சிரித்தான்.

விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது. இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். லினக்ஸ் மின்ட் போட்டுத் தந்தான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து அரசுப் பள்ளிகளில் வருஷக்கணக்காக லினக்ஸில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், நமக்கென்ன என்றான். பைத்தான் அதிலேயே இருக்கிறது, தமிழ்99 விசைப்பலகையும் இருக்கிறது. இந்தப் பதிவு அதில் அடித்ததுதான்.

பெட்டியை மூடும்போது நானே கேட்டேன், "ஏல, அந்த கால்வனோமீட்டர்..."

"அதுல முள்ளு ஜீரோவுக்குத் திரும்பாம நின்னுச்சு சார். உள்ள ஹேர் ஸ்பிரிங் சிக்கியிருந்துச்சு. எடுத்துவிட்டு மூடப் போகையிலதான் நீங்க வந்தீங்க. அப்புறம் நல்லா வேலை செஞ்சிருக்குமே, பாத்தீங்கல்லா?"

நான் பார்க்கவில்லை. அன்றைக்கே ஸ்டாக் ரிஜிஸ்டரில் 'பழுது, உபயோகமற்றது' என்று சிவப்பு மையில் எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். நான் ரிட்டயர் ஆகிற வரை அது அங்கேதான் இருந்தது. முள்ளைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அதை அவனிடம் அப்படியே சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். "விடுங்க சார், பழைய கதை" என்றான். கூலி 200 ரூபாய் கேட்டான். வேண்டாம் சார் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்துகொண்டிருந்தேன், சொல்லவில்லை. எண்ணி வாங்கிக்கொண்டான்.

செலவு: ப்ராசசர் 1,300, எஸ்எஸ்டி 1,650, பேஸ்ட் 120, பயாஸ் பேட்டரி 40, கூலி 200. ஆக 3,310. கையில் மிச்சம் 190. பெட்டி இப்போது இருபத்தைந்து விநாடியில் ஆன் ஆகிறது. நேற்று மாடிப் பெண் வீடியோவையும் ஓடவிட்டு, 1-லிருந்து 100 வரை பகா எண்களை எடுக்கிற புரோகிராமையும் ஓட்டினாள். முதலில் 1-ஐயும் பகா எண் என்று காட்டியது. எங்கே தப்பு என்று நான் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்தாள், பத்து நிமிஷம் ஆனது.

ஒரு கடைசி விஷயம். போர்டில் ராமுக்கு இரண்டு இடம் இருக்கிறது, ஒன்று காலி. உங்களில் யார் வீட்டிலாவது பழைய டெஸ்க்டாப் பரணில் கிடந்தால், அதில் டிடிஆர்3 4 ஜிபி ராம் இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப் ராம் சேராது, நீளமாக இருக்கிற டெஸ்க்டாப் ராம்தான் வேண்டும். என்னிடம் 190 ரூபாய் இருக்கிறது. கூரியர் செலவு என்னுடையது.